ஆயில் கூலர் வேண்டுமா என்று கேட்டாய்

அப்பு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஜீப் எஞ்சின் வேலை முடியப் போகிறது, பழையதைவிடப் பெரிய டர்போ வாங்கியாகிவிட்டது, எஞ்சினை மூடுவதற்கு முன்னால் ஆயில் கூலர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள் என்றாய். கோயம்புத்தூரில் ஒரு மெக்கானிக் கட்டாயம் வேண்டும் என்கிறார், இன்னொருவர் அதெல்லாம் வீண் வேலை என்கிறார், முப்பது வருஷமாக எஞ்சின் பிரித்தவர் நீங்கள், நீங்கள் சொல்வதைத்தான் செய்யப் போகிறேன் என்றாய். நான் "அப்புறம் சொல்றேன்ப்பா" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ நான்கு தடவை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. எஞ்சினை மூடாதே என்று மட்டும் மெசேஜ் அனுப்பினேன். உன் கல்யாண வேலையில் அப்பா ஓடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருப்பாய். நான் எங்கும் ஓடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கடை ஷட்டரைக்கூடத் தூக்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லும்போது நீ நடுவில் "என்னப்பா சொல்றீங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அதற்குமேல் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். உன் கேள்விக்குப் பதிலும் இதில் இருக்கிறது. அதை மட்டும் தேடிப் படிக்காமல் முதலிலிருந்து படி.

நீ படித்தவன், வால்பாறை எஸ்டேட் தொழிற்சாலையில் இன்ஜினியராகப் போகிறவன். டர்போ என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இது என் கையில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அடைக்கிறது. அந்தத் தண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழல்வது வெறும் ஆயில் படலத்தின் மேல். ஒரு பக்கம் அடுப்புக் கனல், நடுவில் நூல் கனத்துக்கு ஆயில். அந்த ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறினால் தண்ணீராக நீர்த்துப் போகும், இரும்பும் இரும்பும் உரசும். அப்படி ஆகாமல் ஆயிலின் சூட்டை இறக்குவதற்கு எஞ்சின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். அதுதான் கூலர். பார்த்தால் ஒன்றுமே இல்லாத சாமான். அந்த ஒன்றுமில்லாத சாமானால்தான் உன் கருப்பையா மாமா இன்றைக்கும் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார்.

மாமா கால் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கொடைக்கானல் மலையில் வேன் கவிழ்ந்தது, ஓட்டியது அவர், கவனக்குறைவாக ஓட்டினார், கூட வந்த ஒரு அம்மா இறந்துபோனார். நம் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். கேஸ் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நீ அப்போது பத்தாவது. மதுரை ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். கவனக்குறைவு அவருடையது அல்ல, என்னுடையது. அதைப் பதினோரு வருஷமாக அவர் தலையில் இருக்கவிட்டு நான் அவர் வீட்டில் பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன், அவர் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த வேன் நெற்குப்பையில் தங்கள் பெரிய வீட்டை விடுதியாக மாற்றியிருந்த ஒரு ஆச்சியுடையது. வெளிநாட்டுக்காரர்களை மதுரை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதும், ஆத்தங்குடி, காரைக்குடி என்று சுற்றிக் காட்டுவதும்தான் அதன் வேலை. மாமா அதற்கு டிரைவர், வேலை வாங்கிக் கொடுத்தது நான். ஒரு நாள் திருப்பத்தூர் ரோட்டில் எஞ்சின் தட்ட ஆரம்பித்து நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்து பிரித்தால் கிராங்க் பேரிங் மொத்தமும் பொடிப்பொடியாகப் போயிருந்தது. அந்தப் பொடி ஆயிலோடு சுற்றி எஞ்சின் முழுக்கப் பரவியிருந்தது. எல்லாவற்றையும் கழுவினேன், புது பேரிங், புது பிஸ்டன், டர்போவும் புதுசு. கூலரை மட்டும் டீசலில் ஊறவைத்துக் காற்றடித்தேன். வெள்ளைத் துணியில் மினுமினுவென்று தூள் வந்தது. மறுபடி ஊறவைத்து அடித்தேன். மறுபடியும் வந்தது. அதன் உள்ளறைகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமானவை. உள்ளே சிக்கிய தூளை யாராலும் முழுசாக எடுக்க முடியாது. அதை மாட்டினால் புது பேரிங்கையும் அரைத்துவிடும். புதுக் கூலருக்கு மதுரையில் சொன்னேன். பத்து நாளாகும் என்றார்கள்.

இந்த இடத்தில் ஆச்சியை நான் குறை சொல்ல முடியாது. அவர்கள் நேரிலேயே வந்தார்கள். "பத்து நாளுன்னா பத்து நாளு ஆகட்டும். வாடகைக்கு வேற வண்டி சொல்லிக்கிறேன். அவசரப்பட்டு எதும் செஞ்சிறாதீக" என்றார்கள். நான்தான் கேட்கவில்லை. திங்கட்கிழமை வண்டியைத் தருகிறேன் என்று நான் ஏற்கெனவே வாய்விட்டிருந்தேன். அந்த வருஷம் கழனிவாசல் பக்கம் புதிதாக ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் வந்திருந்தது. சொன்ன நாளில் தருகிறவன் என்ற பெயரை விட எனக்கு மனசில்லை. "நம்ம ஊரு என்ன மலையா ஆச்சி? தரையில ஓடுற வண்டிக்கு அது இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாது. சாமான் வந்ததும் ஒரு மணி நேரத்துல மாட்டிருவேன்" என்றேன். லேத்தில் கொடுத்து ஒரு இரும்புத் தகடு வெட்டி வந்தேன். கூலர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தகட்டை வைத்து மூடி, ஆயில் கூலருக்குள் போகாமல் நேரே எஞ்சினுக்குப் போகும்படி செய்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. டிரைவருக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்தேன். உண்மையில், சொன்னால் அவர் ஓட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். வண்டி விஷயத்தில் அவர் அவ்வளவு பயந்தவர்.

பத்தாவது நாள் கூலர் வந்தது. அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்தேன். வண்டி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று விட்டேன். ஆச்சியும் மாட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஏழு மாதம் அந்தப் பெட்டி அங்கேயே இருந்தது. பிறகு ஒன்று நடந்தது, அப்பு. அந்தப் பெட்டி என் கண்ணில் படுவதே நின்றுவிட்டது. தினமும் அதே அலமாரியிலிருந்து ஸ்பேனர் எடுப்பேன். பெட்டி இருக்கும். நான் பார்க்கமாட்டேன். ஒரு தப்பு நமக்குப் பழகிப்போவது இப்படித்தான். யாரும் வந்து நம்மை மிரட்டுவதில்லை. எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

மே மாதம் விடுதியில் ஆள் வரத்துக் கிடையாது. வருஷம் முழுக்க உழைத்தவர்கள் ஒரு தடவை குளிர்ந்த ஊரைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று ஆச்சி தன் வேலைக்காரர்கள் ஒன்பது பேரையும் கொடைக்கானலுக்கு அனுப்பினார்கள். அன்று காலை டயருக்குக் காற்றுப் பார்க்க மாமா வேனை நம் கடை முன்னால் நிறுத்தினார். இடதுபக்க ஜன்னல் ஓரத்தில் சமையல் செய்யும் செல்லம்மாள் உட்கார்ந்திருந்தார். நாச்சியாபுரத்துக்காரர். நான் நெற்குப்பைக்கு வேலையாகப் போனால் சாப்பிடாமல் என்னை அனுப்பமாட்டார். பங்குனி வெயிலில்கூட முக்காடு போடாதவர், அன்று வெயில் ஏறுவதற்கு முன்பே மகனுடைய மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். "அங்குட்டு ரெம்பக் குளிருமாம்ல தம்பி? கைகாலு வெறைச்சுப் போகுமாம்ல?" என்று கேட்டார். "சொகமா இருக்கும்க்கா, போயிட்டு வாங்க" என்றேன். "நீங்களும் வந்தா நல்லாருக்கும். வண்டிக்கு ஒண்ணுன்னா பாப்பீகள்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போதுதான் அந்தத் தகடு நினைவுக்கு வந்தது. இறக்கி மாட்ட ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பெட்டி எனக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. ஒன்பது பேர் புதுத்துணி உடுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால் "நான் ஏழு மாதமாக இதை மாட்டவில்லை" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. காற்றுக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினேன்.

ஒன்பது மணிக்கு மேல் வத்தலக்குண்டிலிருந்து மாமா போன் செய்தார். டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். அதுவரை நல்ல வேகத்தில் வந்திருக்கிறார்கள், வெயிலும் ஏறிவிட்டது. "அத்தான், சூட்டு முள்ளு சரியாத்தேன் நிக்கிது. ஆனா வண்டி நின்னு சும்மா ஓடையில ஆயில் வெளக்கு மினுக்குது. வேகம் குடுத்தா அணைஞ்சிருது. மலை ஏறலாமா?" என்று கேட்டார். அது என்ன என்று எனக்குத் தெரியும். சந்தேகமே இல்லை. ஆயில் நீர்த்துவிட்டது, அழுத்தம் இல்லை என்று எஞ்சின் சொல்கிறது. தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளுக்கு ஆயிலின் சூடு தெரியாது. வண்டியை அங்கேயே நிறுத்து, பஸ்ஸில் ஏறிப் போங்கள், நான் சாமானோடு வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "வயரு லூசா இருக்கும் மாப்ள. நீ ஏறு." "நீங்க சொன்னாச் சரித்தான்" என்றார். அவருக்குப் பின்னால் செல்லம்மாள் யாரையோ டீ ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது போனில் கேட்டது.

மற்றதை மாமா ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாதி மலை ஏறியிருக்கிறார்கள். ஒரு வளைவில் வண்டி தானாக உறும ஆரம்பித்தது. பெடலிலிருந்து காலை எடுத்தும் உறுமல் ஏறிக்கொண்டே போனது. டர்போவின் தண்டு உரசித் தேய்ந்து, ஆயில் காற்றுக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் கொட்டியிருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு அதுவும் தீனிதான். தன் ஆயிலைத் தானே எரித்துக்கொண்டு ஓடும். சாவியைத் திருப்பி அணைத்தார், நிற்கவில்லை. சாவி அணைத்த இடத்தில் இருக்கிறது, எஞ்சின் அலறுகிறது, பின்னால் ரோடு தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. பிறகு ஒரு வெடிச் சத்தம், எஞ்சின் இறுகி நின்றது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை கிடையாது. பெடல் கல்லாகிவிட்டது. கைப்பிரேக் பத்துப் பேர் பாரத்தைத் தாங்கவில்லை. பாய்ந்த வண்டியை அடக்கக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியிருந்ததால் வேன் பின்னால் உருள ஆரம்பித்தது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. மாமா இறுகிய ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்பிப் பாறைப் பக்கம் கொண்டுபோய் இடித்தார். வேன் மோதி இடதுபக்கமாகச் சாய்ந்தது. அவர் அப்படிச் செய்ததால் ஒன்பது பேர் பிழைத்தார்கள். இடதுபக்க ஜன்னலில் இருந்த செல்லம்மாள் அங்கேயே போய்விட்டார். அவர் கொடைக்கானலைப் பார்க்கவே இல்லை.

இனி எழுதுவதைத்தான் நான் அதிகம் கிழித்தேன். வண்டியைச் சோதித்த அதிகாரி பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். எஞ்சின் வேலை நீங்கள் செய்ததாமே, ஏதாவது குறை இருந்ததா என்று கேட்டார். "ஏழு மாசமா நல்லா ஓடுன வண்டி சார். டிரைவரு வெளக்கப் பாக்காம ஓட்டியிருப்பாரு" என்றேன். வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. மூன்று வாரம் கழித்து ஆச்சி வேனை நம் கடைக்கே இழுத்து வரச் சொன்னார்கள், ஏதாவது தேறுமா என்று பார்க்க. அன்று கடையில் யாரும் இல்லை. நான் படுத்துக்கொண்டு அடியில் நுழைந்து அந்தத் தகட்டைக் கழற்றினேன். அலமாரியிலிருந்து பெட்டியைப் பிரித்து, புதுக் கூலரை எடுத்து, உருகி இறுகிப்போன அந்தச் செத்த எஞ்சினில் மாட்டினேன். நான்கு போல்ட்டையும் முறையாக முறுக்கினேன். அதன்மேல் கரியும் எண்ணெயும் பூசிப் பழசாக்கினேன். இனி யார் வந்து திறந்து பார்த்தாலும் கூலர் இருக்கும். கை நடுங்கவில்லை, அப்பு. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு கவனமாக ஒரு சாமானை மாட்டியதில்லை.

மாமா மீது கேஸ் நடந்தது, லைசென்ஸ் போனது. ஊன்றுகோலோடு நாச்சியாபுரம் போய் செல்லம்மாளின் மகன் முத்துக்குமார் காலில் விழுந்து, "நாந்தேன் காரணம்" என்று அழுதிருக்கிறார். அந்தப் பையன், "இனிமே இந்தத் தெருப்பக்கம் வராதீக" என்று கதவைச் சாத்தினானாம். அதற்குப் பிறகு மாமா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். உன் அம்மா ஒரு நாள் தன் தம்பியிடம், "கொஞ்சம் நிதானமா ஓட்டியிருக்கக் கூடாதாடா" என்று கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா போகும்போதும் அந்த எண்ணத்தோடுதான் போனாள். அதைத் திருத்த எனக்கு இனி வழியில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ போன் செய்தபோது மாமா என் எதிரில் உட்கார்ந்திருந்தார். உனக்குத் தாய்மாமன் சீர் என்னென்ன வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். உன் குரலை அவரும் கேட்கட்டும் என்று நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். நீ கேள்வியைக் கேட்டாய், நான் வைத்துவிட்டேன். மாமா சிரித்துக்கொண்டே, "ஏன் அத்தான், மருமவன் ஆசையாக் கேக்குறான், மாட்டச் சொல்ல வேண்டியதுதானே? அது இல்லாட்டி என்னா செய்யும்?" என்றார். வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் என் வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிடும். "மேட்டுல ஏறையில ஆயில் காஞ்சு தண்ணியாப் போகும் மாப்ள. சூட்டு முள்ளு ஒண்ணுங் காட்டாது. நின்னு சும்மா ஓடையில வெளக்கு மட்டும் மினு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். நிறுத்தாமல் முழுசாகச் சொல்லியிருந்தால்கூட அவர் கவனித்திருக்கமாட்டார். நிறுத்தியதைத்தான் கவனித்தார்.

கையிலிருந்த பேனாவை மூடினார். "வெளக்கு மட்டும் மினுக்கும். அப்படித்தானே?" என்றார். "அந்த வண்டியில கூலர் இருந்துச்சா அத்தான்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதினோரு வருஷமாகத் தயாராக ஒரு பொய் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "இல்ல மாப்ள" என்றேன்.

"நான் வத்தலக்குண்டுலருந்து போன் போட்டப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வெகுநேரம் தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் பேசினார். "நீங்க ஏறச் சொன்னீகன்னு நான் போலீசுல சொல்லலை. கோர்ட்டுலயும் சொல்லலை. தெரியாமச் சொல்லிட்டாரு, அதுக்காக அக்கா வீட்டுக்காரர மாட்டிவிடக் கூடாதுன்னு நெனச்சேன். வெளக்கக் கண்ணால பாத்தவன் நான். நாந்தேன் நிறுத்தியிருக்கணும்னு இத்தன வருசமா அந்தம்மாட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தேன் படுக்குறேன்." எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும், அப்பு. அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரைக் காட்டிக்கொடுத்த அதே வாரத்தில்.

எழுந்து செருப்பை மாட்டினார். "நீங்க சொல்லுறீகளா, நான் சொல்லவா?" என்று கேட்டார். யாரிடம் என்றேன். "மருமவன்கிட்டயும் சொல்லணும். அந்தம்மா மகன்கிட்டயும் சொல்லணும்." கல்யாணம் முடியட்டுமே மாப்ள என்று இழுத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. அவர் திரும்பிப் பார்த்தார். "கல்யாணத்துல தாய்மாமனா நான் நிக்கிறதா வேண்டாமான்னு நானும் மருமவனும் பேசிக்கிறோம். அதுல நீங்க வராதீக" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

உன் கேள்விக்கு வருகிறேன். எல்லா டர்போ எஞ்சினுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தனிக் கூலர் மாட்டு என்பவனும் சரியாகச் சொல்லவில்லை. சமதரையில் கொஞ்சத் தூரம் ஓடும் வண்டிக்கு எஞ்சினோடு வந்ததே போதும். ஆயில் சூடேறாமலே இருந்தாலும் கெடுதல்தான், கூடுதலாகக் குழாய் இழுத்தால் கசிய இன்னும் நான்கு இடம் சேரும். ஆனால் நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பழைய பேரிங்கில் கீறல் ஓடியிருக்கிறது. ஆகவே அந்தப் பழைய கூலரைக் கழுவி மாட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே, தூக்கிப் போடு. அந்த இடத்தில் புதுசு வை. அதற்குமேல், நீ பெரிய டர்போ வைக்கிறாய். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. முழுப் பாரத்தோடு மெதுவாக ஏறும் வண்டிக்கு எஞ்சின் வேலை அதிகம், முகத்தில் அடிக்கும் காற்று குறைவு. அதனால் முன்பக்கம் காற்றுபடும் இடத்தில் இன்னொரு கூலரும் வை. ஆயில் சூடான பிறகு மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். குழாய்கள் டர்போ சூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. ஆயில் சூட்டைக் காட்ட ஒரு மீட்டர் மாட்டு. முதலில் தனியாக ஏறிப் பார், மீட்டர் என்ன சொல்கிறது என்று எழுதி வை, அதற்குப் பிறகு உன் மனைவியை ஏற்று. அப்பா சொன்னார் என்பதற்காக எதையும் செய்யாதே. அளந்து பார்த்துச் செய். என்றைக்காவது ஆயில் விளக்கு ஒரு தடவை மினுக்கினால் யாருக்கும் போன் போட்டுக் கேட்காதே. என்னிடமும் கேட்காதே. எந்த இடமாக இருந்தாலும் சரி, நிறுத்து.

பொண்ணு வீட்டில் இதைச் சொல்லிவிடு. பிறகு தெரிந்தால் உன்மேலும் சேர்ந்து வரும். கல்யாணப் பத்திரிகையை இப்போதைக்கு அச்சடிக்க வேண்டாம் என்று பிரஸ்ஸில் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் என் பெயர் இருக்கலாமா என்பதை நீயே முடிவு செய்.

நேற்று மாலை மாமா போன் செய்தார். "நாளைக்கு வியாழக்கிழமை. முத்துக்குமாரு வீட்டுலதேன் இருப்பானாம். ஒம்பது மணி பஸ்ஸு" என்றார். முத்துக்குமாருக்கு இப்போது முப்பது வயதிருக்கும். கோபக்காரன் என்கிறார்கள். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. போலீசுக்குப் போவோம் என்றால் அவனோடு போவேன். தகட்டைப் பற்றியும் சொல்வேன், செத்த எஞ்சினில் புதுக் கூலர் மாட்டியதையும் சொல்வேன். அடித்தால் மாமா தடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தடுக்கவும் வேண்டாம்.

இதோ மாமா வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே வா மாப்ள என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெயிலிலேயே நிற்கிறார். பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் கூரியரில் இதைப் போட்டுவிட்டுப் போகிறேன்.

அப்பா